ரூ. 24,500 போச்சு: ஓபன்-பேக் ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

24,500 ரூபாய். அதற்கு என் கையில் இருப்பது சென்ஹைசர் ஹெச்டி 650 என்று அச்சடித்த ஒரு பெட்டியும், உள்ளே யார் செய்தார்கள் என்றே தெரியாத ஒரு பிளாஸ்டிக் சாமானும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, விடு' என்று எனக்கே தோன்றிவிடும்.

கடைப் பெயர் வேண்டாம், புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் எந்த மாதிரிக் கடை என்று சொல்லியாக வேண்டும். பிளாட்பாரக் கடை அல்ல. ஏசி அறை, சுவரெல்லாம் ஃபோம், மேஜையில் ஹெட்ஃபோனுக்குச் சக்தி கூட்டிக் கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), வரிசையாக ஹெட்ஃபோன்கள், 'கேட்டுப் பார்த்து வாங்குங்கள்' என்ற போர்டு.

நான் குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் வீட்டிலேயே மிக்சிங் செய்கிறவன், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கிறவன். வாடகை வீட்டில் ராத்திரி ஸ்பீக்கர் போட முடியாது. மூடிய ஹெட்ஃபோன் சென்னை வெயிலுக்கு ஆகாது. வேர்வையில் காது புழுங்கி, ரெக்சின் உரிந்து தோளெல்லாம் கறுப்புத் துகள். பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன்-பேக்கில் காற்று போய் வரும். சத்தம் வெளியே கசியும், மைக் முன்னால் போட முடியாது, ஆனால் மிக்சிங்குக்கு அதுதான் சுகம்.

கடைப் பையன் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கொடுத்தான். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவை மாட்டியதுமே கழற்ற மனம் வரவில்லை, வெல்வெட் மாதிரியான பெரிய வட்டப் பஞ்சு, இறுக்கமே தெரியாது. ஆனால் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கூர்மையான மேல் சத்தம், ஏறி நிற்கிறது. பாடகி 'ச' சொல்லும்போதெல்லாம் காதில் குத்துகிறது, ஜால்ரா வந்தால் கேட்கவே வேண்டாம். அதில் கேட்டு மிக்ஸ் செய்தால் மேல் ஸ்தாயியை நானே குறைத்துவிடுவேன், வெளியே மந்தமாக ஒலிக்கும். ஏகேஜி கே702-இல் மேடை அகலம், வீணை இங்கே வயலின் அங்கே என்று கைகாட்டலாம், அடிநாதம் மெலிவு. கடையில் இருந்தது பழைய பீஸ், தலைப்பட்டையின் அடியில் இருந்த மேடுகள் ஒரு பாட்டு முடிவதற்குள் உச்சந்தலையை அழுத்த ஆரம்பித்தன. ஆடியோ டெக்னிகா ஆர்70எக்ஸ் 210 கிராம்தான், மாட்டியிருப்பதே மறந்துவிடும், ஆனால் மின்தடை 470 ஓம். ஓம் கூடக் கூட அதே சத்தத்துக்குப் பொதுவாக அதிக வோல்டேஜ் வேண்டும், என் இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒலிப் பெட்டி) திணறும்.

அப்புறம் ஹெச்டி 650. 2003-இல் வந்த மாடல், இன்னும் ஆட்கள் விடாமல் வாங்குகிறார்கள். 260 கிராம், 300 ஓம். புதிதில் கன்னத்தைக் கொஞ்சம் பிடிக்கும், போகப் போகத் தளரும். ஆனால் குரல்! பல்லவி தொடங்கும் முன் பாடகி இழுக்கும் மூச்சு தனியாகக் கேட்டது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் குழையாமல், வலந்தலை குத்தாமல். இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிவது இதற்குத்தான், கேட்கக் கொடுத்தது அசல்.

பையன் உள்ளே போய் சீல் போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். "சீலை இங்க பிரிச்சா வாரண்டில பிரச்சினை வரும் ப்ரோ, வீட்ல போய்ப் பிரிங்க. நீங்க இப்பக் கேட்ட அதே மாடல்தான். இத்தனை நேரம் உங்ககூட உக்காந்து எல்லாத்தையும் கேக்க வச்சவன், ஏமாத்துவேனா?" என்றான். டீ வேறு வரவழைத்துக் கொடுத்தார்கள். 24,500 ரூபாயை அனுப்பிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இன்டர்ஃபேஸில் செருகி வால்யூம் குமிழைக் கால் பங்குகூடத் திருப்பவில்லை, காது கிழிந்தது. கடையில் பாதிக்கு மேல் திருப்பித்தான் கேட்டோம். சரி, அங்கே ஆம்ப் வேறு என்று ஃபோனில் செருகினேன். அதிலும் அலறல். 300 ஓம் ஹெட்ஃபோனைச் சாதாரண ஃபோன் இப்படி அலறவைக்காது. பாட்டோ குடத்துக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. மூச்சும் இல்லை, தொப்பியும் இல்லை, அடியில் ஒரே 'தொம் தொம்'. கப்பின் அடியில் கேபிளின் இரண்டு பின் செருகும் இடம் ஆடியது.

ஓம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். அசல் என்றால் ஒரு பக்கத்துக்கு 300 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இது 30 சொச்சம் காட்டியது. இரண்டு பக்கமும் அதேதான்.

இனி கதை அவர்கள் சொன்ன பதில்கள்தான். முதலில் பையன்: "பர்ன்-இன் ஆகணும் ப்ரோ, 100 மணி நேரம் ஓட விடுங்க." பர்ன்-இன் என்றால் புது ஹெட்ஃபோனை ஓடவிட்டுப் பழக்குவதாம். 100 மணி நேரம் ஓடினால் 30 ஓம் 300 ஓம் ஆகிவிடுமா? அடுத்து, "உங்க இன்டர்ஃபேஸ் பவர் பத்தல, எங்ககிட்டயே ஒரு ஆம்ப் இருக்கு, பாக்கறீங்களா?" சத்தம் அதிகமாக வருகிறது என்று புகார் சொல்கிறவனிடம் ஆம்ப் விற்கப் பார்க்கிறான்! நேரில் போனேன். முதலாளி பெட்டியைத் தொடக்கூட இல்லை. "ஹெட்ஃபோன்ல மல்டிமீட்டர்லாம் வைக்கலாமா தம்பி? அதனாலதான் டிரைவர் போயிருக்கும். இப்ப வாரண்டியும் போச்சு." டிரைவர் என்றால் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். மீட்டர் வைத்தால் லேசாக ஒரு 'டிக்' கேட்கும், அவ்வளவுதான். மேஜையில் இருந்த டெமோ பீஸை அங்கேயே அளந்து காட்டட்டுமா என்றேன். அதற்குள் பையன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

கடைசி அம்பு பில். 'ஹெட்ஃபோன் – 1 – 24,500' என்றுதான் போட்டிருக்கிறார்கள். மாடல் பெயர் கிடையாது, சீரியல் எண் கிடையாது. "நாங்க குடுத்தது இதுதான்னு எப்படித் தம்பி நம்புறது? நீங்க வேற எங்கயாவது வாங்கி மாத்திக் கொண்டு வந்திருந்தா?" இதைச் சொல்லும்போது அந்த ஆள் சிரித்தார். அதன் பிறகு ஃபோன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காதில் மாட்டிக் கேட்ட பீஸையே வாங்குங்கள், இல்லையென்றால் பெட்டியை அங்கேயே பிரித்துக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். 250, 300 ஓம் மாடல் என்றால் சின்ன மல்டிமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஆடியோ கடையில் அதைப் பார்த்து முகம் மாறுகிறவர்களிடம் பேச்சே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகார் கட்டணம் கிடையாது. ஃபோம் ஒட்டிய அறை, இலவச டீ, ப்ரோ என்று வாய் நிறையப் பேசும் பையன், இப்படி ஒரு கடைக்கு நீங்கள் போய்விட்டு வந்திருந்தால் உங்கள் பெட்டியையும் இன்றைக்கே அளந்து பாருங்கள். என் 24,500 இன்னும் வரவில்லை.