பத்தொன்பதையும் அள்ளிப் போடாதீர்கள்: வேர்ல்டுகிளிமோடு ஆறு வருடம்

வரையாடு எங்கெல்லாம் வாழ முடியும் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரைபடம் போட ஆறு வருடமாக வேர்ல்டுகிளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தரவைப் பயன்படுத்துகிறேன். இலவசம், ஏறக்குறைய 1 கி.மீ. கட்டம், ஓர் உயிரினம் எங்கே வாழ முடியும் என்று கணிக்கும் மேக்ஸென்ட் மென்பொருளுக்கு நன்றாக ஒத்துப்போகும்.

முதல் வருடம் அதிலுள்ள 19 பயோ மாறிகளையும் (வெப்பம், மழை பற்றிய ஆண்டு, பருவக் கணக்குகள்) அப்படியே கொடுத்தேன். மாடலின் கணிப்புத் திறனுக்கான மதிப்பெண்ணான ஏயுசி (1 வந்தால் முழு மதிப்பெண்) 0.98 வந்தது, தலைகால் புரியவில்லை. ஆனால் ஆடு தென்பட்ட இடப்புள்ளிகளில் இரண்டை மாற்றி ஓட்டினால் போதும், நேற்று பயோ 5-தான் (மிக வெப்பமான மாதத்தின் உச்ச வெப்பம்) முக்கியம் என்ற மாடல் இன்று பயோ 10 (வெப்பமான மூன்று மாதங்களின் சராசரி வெப்பம்) என்றது. மலையில் ஏற ஏற வெப்பக் கணக்குகள் எல்லாம் சேர்ந்தே இறங்கும். பயோ 1, 5, 6, 10, 11 ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே படம்தான்.

பயோ 8 வேறு ரகம். அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பம் அது. வால்பாறைப் பக்கம் அந்த மாதங்கள் தென்மேற்குப் பருவத்தில் வரும். கீழே உடுமலைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வண்ணம் கொடுத்துப் பார்த்தால் நடுவில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு. தரையில் அப்படி எதுவும் கிடையாது. மழையையும் வெப்பத்தையும் முடிச்சுப் போடும் பயோ 9, 18, 19-க்கும் இதே வியாதி. நான்கையும் தூக்கிவிட்டேன்.

ஒரு கூத்தும் நடந்தது. பழைய 1.4 பதிப்பில் வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி வைத்திருப்பார்கள்; 18.5 டிகிரி என்றால் 185. அதில் பழக்கிய மாடலை, 18.5 என்றே வைத்திருக்கும் 2.1 பதிப்பின் மேல் ஓட்டிவிட்டேன். அதன் கண்ணுக்குத் தமிழ்நாடே குளிர்பதனப் பெட்டி. ராமநாதபுரம் கடற்கரை வரை வரையாடு மேயலாம் என்று வரைபடம் சிவந்து நின்றது.

இப்போது வைத்திருப்பது மூன்றுதான்: பயோ 5, பயோ 12 (ஆண்டு மழை), பயோ 17. கடைசியது வறண்ட மூன்று மாத மழை; புல் காய்வதும் தீப்பிடிப்பதும் அதைப் பொறுத்தது. அப்புறம் பாறைச் சரிவு. புலி, சிறுத்தை துரத்தினால் ஆடு ஓடுவது அங்கேதான். சரிவை 1 கி.மீ. கட்டத்தில் சராசரி எடுத்தால் செங்குத்துப் பாறையும் மேடாகிப் போகும். அதனால் 30 மீட்டர் உயரத் தரவில் கணக்கிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் செங்குத்தான பகுதி எவ்வளவு என்று எடுக்கிறேன்.

தீராத குறை ஒன்று உண்டு. மலை உச்சிகளில் மழைமானிகள் குறைவு. அங்கே காட்டும் மழை பெரும்பாலும் இடைக்கணிப்பு, அதாவது சுற்றியுள்ள மானிகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. செல்சா என்ற இன்னொரு தட்பவெப்பத் தரவோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரிதாக முரண்படும் கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுகிறேன்.