சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் பாக்கெட் கூடை: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பலகாரக் கடைகளுக்கு நடுவே தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு மேசை போடுகிறார்கள். வீட்டில் தூக்கிப்போடும் பாக்கெட், பால் பெட்டி, அரிசி மூட்டை இவற்றிலிருந்து கையால் செய்த கூடைகள், இழுப்பறைத் தடுப்புகள், சுவரில் மாட்டும் பைகள். விலை 5 ரிங்கிட்டிலிருந்து 35 ரிங்கிட் வரை. எல்லாமே பார்க்க அழகு. எது உழைக்கும் என்று தெரிய, துண்டும் துண்டும் சேரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள்.

முதலிடம் 3 இன் 1 கோப்பி, மைலோ பாக்கெட்டில் பின்னிய கூடைக்கு. இதில் பசை ஒரு சொட்டுகூடக் கிடையாது. பாக்கெட்டைப் பிரித்து, நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வரும்படி வெட்டுகிறார்கள், 5.5க்கு 12 செ.மீ. என்பது கைக்கு அடக்கமான அளவு. நீளவாக்கில் இரண்டு முறை மடித்தால் ஒடுங்கிய பட்டை. அதைக் குறுக்கே பாதியாக மடித்து, இரு முனைகளையும் நடுமடிப்பு நோக்கி உள்ளே திருப்பினால் இரண்டு கால் உள்ள ஒரு கண்ணி. அடுத்த கண்ணியின் கால்கள் இதன் மடிப்புக்குள் நுழையும். இப்படியே வளைந்து வளைந்து சங்கிலி நீளும். சங்கிலிகளை வளையமாக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தூண்டில் நரம்பால் தைத்தால் கூடை. சின்னக் கூடைக்கே நூற்றுக்கணக்கில் கண்ணி வேண்டும்.

வெட்டும்போது 2 மி.மீ. பிசகினாலும் சங்கிலி ஒரு பக்கம் சாயும். பாக்கெட் தாள் மடித்த இடத்தில் படியாமல் விரியப் பார்க்கும். கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் கோக்க வேண்டும். இவர்கள் பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள். விரலால் நெருடினால் கண்ணி எதுவும் தளர்ந்து ஆடவில்லை. வாங்குமுன் மூக்கருகில் வைத்து முகர்ந்து பாருங்கள். கோப்பி வாசம் அடித்தால் பாக்கெட்டைக் கழுவாமல் பின்னியிருக்கிறார்கள். மடிப்புக்குள் தங்கிய சர்க்கரைக்கு எறும்பு வரும், பின்னிய பிறகு உள்ளே கழுவ வழியில்லை.

25 ரிங்கிட் கூடையில் அடியும் பின்னல்தான். 15 ரிங்கிட் கூடைக்கு அட்டையை வெட்டி அடியில் ஒட்டியிருக்கிறார்கள். நாலு முறை ஈரத்துணியால் துடைத்தால் அந்த அட்டை ஊதிவிடும். கூடுதலாக 10 ரிங்கிட் கொடுத்து முன்னதையே வாங்குங்கள்.

அரிசி மூட்டையில் தைத்த சுவர்ப் பையும் நல்ல வேலை. மூட்டை பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழி இழையால் நெய்தது; வெட்டிய ஓரம் அப்படியே விட்டால் நூல் நூலாகப் பிரியும். இவர்கள் ஓரத்தைச் சூடான கத்தியால் உருக்கி, இரண்டாக மடித்துத் தைத்திருக்கிறார்கள். நேராக வெயில் படும் இடத்தில் மட்டும் மாட்டாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு இழை பொடியாக உதிரும்.

பால் பெட்டித் தடுப்புகள் நடுத்தரம். கெடாத பால் வரும் பெட்டியில் ஏறக்குறைய 75 விழுக்காடு காகித அட்டை, மீதி பாலிஎத்திலீன் என்ற நெகிழியும் மெல்லிய அலுமினியமும். வெளிப்பக்கம் முழுக்கப் பாலிஎத்திலீன் என்பதால் வெள்ளைப் பசை பிடிக்காது. காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். மேசையில் இருந்த இரண்டு தடுப்பு அப்படித்தான் கையோடு கழன்றது. இரட்டைப் பக்க டேப் ஒட்டியவை அசையவில்லை. வெட்டிய ஓரத்தில் காகிதம் வெளியே தெரிந்தால் அது ஈரத்தை உறிஞ்சும், ஓரத்துக்கும் டேப் சுற்றச் சொல்லுங்கள். அடி மூலைகளின் காதுகளைப் பிரித்துக் கழுவினார்களா என்றும் கேளுங்கள். புளித்த வாடை அங்கிருந்துதான் வரும்.

35 ரிங்கிட்டுக்கு மூன்று இழுப்பறை கொண்ட அட்டைப் பெட்டி, மேலே பாத்தேக் துணி. வாங்க வேண்டாம். அட்டைக்குள் இருக்கும் நெளிவு செங்குத்தாக நின்றால்தான் பாரம் தாங்கும். இதில் படுக்கைவாட்டில் ஓடுகிறது, கையால் மேலே அழுத்தினாலே பக்கச்சுவர் பிதுங்குகிறது. துணியை மாவுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். அட்டையைத் திருப்பி வெட்டி, அடிக்கு இரண்டு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் இதே பெட்டி உருப்படியாகிவிடும். துணியின் அழகைப் பார்க்கும்போது, அந்த உழைப்பு வீணாகக்கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

மேசை ஓரத்தில் ஒரு நெகிழிக் கலனைப் பாதியாக வெட்டி, துணிக் கிளிப் போடும் டப்பாவாக்கி வைத்திருந்தார்கள், 5 ரிங்கிட். லேபிளை உரித்திருந்தாலும் வடிவம் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்குத் தெரியும்: அது களைக்கொல்லிக் கலன். அதைத் தொடவே கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. மற்ற களைக்கொல்லிகள் இன்றும் செம்பனைக்கு அடிக்கப்படுகின்றன. மருந்து கலனின் சுவரிலேயே ஊறி நிற்கும், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. காலிக் கலனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் ஓட்டை போட்டு ஒப்படைப்பதுதான் முறை. ஓட்டை போடுவதே யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருக்கத்தான். அந்த டப்பாவை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூட்டைப் பை வாங்கும்போதும், "அக்கா, இது அரிசி வந்த மூட்டையா, உரம் வந்ததா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உரத் தூள் நெசவுக்குள் தங்கி ஈரம் இழுக்கும். குழந்தைத் துணி வைக்க ஆகாது.

அளவு சொன்னால் கூடை செய்து தருகிறார்கள், இரண்டு வாரம் ஆகும். பாக்கெட்டை வெட்டித் திறந்து, கழுவி, நிழலில் காயவைத்துத் தட்டையாக அடுக்கிக் கொண்டுபோனால் 25 ரிங்கிட் கூடை 20க்குக் கிடைக்கும்.