நிஷினா யோஷியோ பற்றிய ஒலிப்பாடத் தொடர்: ஒரு மதிப்புரை

ஜப்பானியக் குவாண்டம் இயற்பியல் என்றதும் நோபல் பரிசு பெற்ற யுகாவா ஹிடெகியும் டொமொனாகா ஷின்இசிரோவும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அவ்விருவருக்கும் வழிகாட்டிய நிஷினா யோஷியோவைப் பற்றிப் பத்துப் பகுதிகளில் பேசும் இணையவழி ஒலிப்பாடத் தொடர் ஒன்றைச் சந்தா செலுத்திக் கேட்டு முடித்தேன். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் மிகுந்த எதிர்பார்ப்போடு தொடங்கினேன். பெரும்பகுதி அது நிறைவேறியது.

ஒகயாமா மாநிலத்தில் 1890இல் பிறந்து, மின்பொறியியல் படித்து, ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த இளமைக்காலம் முதலிரு பகுதிகளில் விரைவாகக் கடந்துவிடுகிறது. கோபன்ஹேகனில் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போருடன் கழிந்த ஆண்டுகளில்தான் தொடர் உயிர்பெறுகிறது. முடிவு கிடைக்கும்வரை யாரும் யாரோடும் தயங்காமல் வாதிடலாம் என்ற அந்த ஆய்வகத்தின் பழக்கத்தை, மூத்தோர் சொல்லுக்குக் கட்டுப்படும் சூழலில் வளர்ந்த ஒருவர் தமதாக்கிக்கொண்டு 1928இல் நாடு திரும்பியதையே ஆசிரியர் தம் மையக்கருத்தாகக் கொள்கிறார். 1931இல் ரிக்கெனில் நிஷினா தொடங்கிய ஆய்வகத்தையும், அதே ஆண்டில் கியோட்டோவில் அவர் ஆற்றிய விரிவுரைகளை யுகாவாவும் டொமொனாகாவும் கேட்டதையும், மறு ஆண்டே டொமொனாகா அந்த ஆய்வகத்தில் சேர்ந்ததையும் இக்கருத்தோடு இணைத்துக் காட்டும் விதம் பாராட்டுக்குரியது.

எனக்குப் பெருங்குறையாகப் பட்டது கிளைன்–நிஷினா சூத்திரத்தை நடத்திய விதம். ஓஸ்கர் கிளைனுடன் சேர்ந்து நிஷினா உருவாக்கிய இச்சூத்திரம், எலக்ட்ரானின் மீது மோதும் ஃபோட்டான் (ஒளித்துகள்) எந்தக் கோணத்தில் எவ்வளவு வாய்ப்புடன் சிதறும் என்பதை, எலக்ட்ரானின் இயக்கத்தைக் குவாண்டம் கொள்கையும் சார்பியலும் இணைத்து விவரிக்கும், அப்போது புதிதாக வெளிவந்திருந்த டிராக் சமன்பாட்டின் துணையோடு கணக்கிடுகிறது. ஆற்றல் குறைந்த கதிர்களுக்குப் குவாண்டம் கொள்கைக்கு முந்தைய, பழைய தாம்சன் சிதறல் சூத்திரமே போதும். ஆற்றல் கூடக் கூடச் சிதறலின் வாய்ப்பு குறைந்து, சிதறும் கதிர்கள் முன்னோக்கிய திசையிலேயே குவிகின்றன. காமா கதிர்களைத் தடுக்கும் காப்புச் சுவர்களின் கணக்கிலும் கதிர் மருத்துவத்திலும் இன்றும் பயன்படும் இந்த முடிவை ஒரே ஒரு பகுதிக்குள், ஒரு வரைபடம்கூட இணைக்காமல் அடக்கிவிட்டார்கள். ஒலிவடிவத்துக்கு எல்லை உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஓரிரண்டு பக்கத் துணைக்குறிப்பு தந்திருக்கலாம்.

போர்க்காலத்தைப் பற்றிய பகுதிகளில் நேர்மை இருக்கிறது. இராணுவத்துக்காக நடந்த அணுகுண்டு ஆய்வுக்கு நிஷினா தலைமை ஏற்றதை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் சொல்கிறார்கள். 1945 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமாவுக்குச் சென்று, அங்கு விழுந்தது அணுகுண்டே என்று அவர் உறுதிசெய்த பகுதியைக் கேட்டபின் சிறிது நேரம் நிறுத்திவைத்தேன். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் படையினர் அவருடைய சைக்ளோட்ரான்களை (அணுத்துகள்களை முடுக்கும் கருவிகளை) பிரித்துக் கடலில் எறிந்ததை விவரிக்கும் பகுதியும் அதே நிதானத்தோடு அமைந்துள்ளது. அவை உயிரியல், மருத்துவ ஆய்வுக்கும் பயன்பட்ட கருவிகள் என்பது தெளிவாகவே புரிகிறது. அதன்பின் ரிக்கெனைக் காப்பாற்ற 1951இல் இறக்கும்வரை அவர் உழைத்த கதைக்கு இன்னும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்க வேண்டும்.

வாசிப்புக் குரல் தெளிவாக உள்ளது. ஜப்பானியப் பெயர்களின் உச்சரிப்பில் அக்கறை தெரிகிறது. கணித ஆர்வமுள்ள மாணவர்கள் சூத்திரத்தை ஒரு பாடநூலில் முதலில் படித்துவிட்டுக் கோபன்ஹேகன் பகுதிக்கு வருவது நல்லது. வரலாறு மட்டும் போதும் என்பவர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்கலாம்.