விழித்திரைப் புற்றுநோய் ஆய்வு: சுண்டெலியா, ஆர்கனாய்டா?

பிளாஷ் வெளிச்சத்தில் செல்பேசியில் எடுத்த படத்தில், குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் பூனைக்கண்ணைப் போல வெண்மையாக மின்னுவதைக் கண்டு பெற்றோர் பதறி ஓடிவருவதுண்டு. அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட மதுரையில், இந்நோயை ஆய்வுக்கூடத்தில் எதைக் கொண்டு ஆராய்வது என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

மரபணு மாற்றப்பட்ட சுண்டெலி ஒரு வழி. பலவகைச் செல்லாக மாறவல்ல மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் விழித்திரை ஆர்கனாய்டு, அதாவது ஆய்வுக்கூடத்தில் வளரும் குட்டி விழித்திரைத் திசு, மற்றொரு வழி. (பேச்சில் எல்லாமே எலிதான், இங்கே சொல்வது அடுக்களைச் சுண்டெலியின் இனத்தை, பெருச்சாளியை அன்று.)

சுண்டெலிக்கு மூன்று வாரமே கர்ப்பம் என்பதால் ஆய்வுக்குக் குட்டிகள் விரைவில் கிடைக்கும். தேர்ந்தெடுத்த மரபணுவை நீக்கிச் சுண்டெலியை உருவாக்கும் முறைக்கு 2007-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும் இந்நோயில் அது சறுக்கியது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஆர்பி1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கண்ணில் கட்டி வருகிறது; 1992-இல் அதே பழுதோடு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கோ கண்ணில் ஒன்றும் வராமல், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தது. அம்மரபணு உண்டாக்கும் ஆர்பி புரதம் இல்லாத இடத்தில், சுண்டெலியின் விழித்திரையில் பி107 என்னும் அதன் உறவுப் புரதம் முட்டுக்கொடுத்துவிடுகிறது என்பது பின்னர்த் தெரிந்தது. அதையும் சேர்த்து நீக்கிய பிறகே கண்ணில் கட்டி உண்டாயிற்று. அதுவும் நேர் நகல் அன்று: மனிதரில் நோய், நிறத்தை உணரும் கூம்பு செல்கள் முதிராத நிலையில் இருக்கும்போது அவற்றில் தொடங்குகிறது, சுண்டெலிக்கோ கூம்புகள் செறிந்த மாகுலா என்னும் விழித்திரையின் நடுப்பகுதியே கிடையாது.

ஆர்கனாய்டில் இருப்பவை மனிதச் செல்களே என்பதால், ஆர்பி1 நீக்கப்பட்டதும் கூம்பின் முன்னோடிச் செல்கள் பெருகத் தொடங்குவதை நேரடியாகக் காணலாம். ஆனால் அதில் இரத்த ஓட்டம் இல்லை, நோயெதிர்ப்புச் செல்கள் இல்லை. பார்வை நரம்பு வழியே கட்டி மூளைக்குப் பரவுவதை அதில் பார்க்கவே இயலாது.

செலவில் இரண்டும் சளைத்தவை அல்ல. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போதும் விலங்குக்கூடம் இருபது டிகிரியைச் சற்றே தாண்டிய குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உடனே ஓட வேண்டும். ஆர்கனாய்டுக்குத் தேவையான 37 டிகிரி மதுரைக்குப் புதிதன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்த வெப்பத்தைப் பிசகாமல் காத்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஊட்டத் திரவத்தை மாற்றி மாதக்கணக்கில் வளர்த்ததை, ஒரு துளிக் கிருமி ஒரே இரவில் அழித்துவிடும்.

என் கருத்தில், கட்டி எப்படித் தோன்றுகிறது என்று கேட்பவர் ஆர்கனாய்டையே நாட வேண்டும். மருந்து உடலெங்கும் என்ன செய்கிறது என்று கேட்பவருக்குச் சுண்டெலி தேவை. எனினும் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் கண்ணுக்குப் பொருந்திய மருந்தளவை, 24 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வளரும் மனிதக் கண்ணுக்கு அப்படியே பெருக்கிக் கணக்கிட முடியாது.