பழுப்புக் கரடிக்கு நாஸ்லர் பார்ட்டிஷன் தோட்டா

அலாஸ்காவின் கோடியாக் தீவில் ஆல்டர் புதர்களுக்குள் பழுப்புக் கரடி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, .375 எச் அண்ட் எச் ரைஃபிளில் 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) நாஸ்லர் பார்ட்டிஷன். உள்ளே ஈயத்தை இரண்டாகப் பிரிக்கும் செம்புச் சுவர் உண்டு. முன்பாதி பட்டதும் காளான் மாதிரி விரியும், பின்பாதி குலையாமல் தோள் எலும்பைத் தாண்டி ஆழமாக இறங்கும். கிட்டத்தில் இதுதான் முக்கியம், ஏனென்றால் அங்கே தோட்டாவின் வேகம் உச்சத்தில் இருக்கும், மானுக்கென்று செய்த மெல்லிய உறைத் தோட்டா மேல்தசையிலேயே சிதறிவிடலாம், அப்புறம் காயம்பட்ட கரடி உங்களை நோக்கித்தான் வரும். முன்பாதி ஈயம் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அது கூடாது என்றால் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் மாதிரி முழுச் செம்புத் தோட்டா எடுங்கள். கையில் இதைவிடச் சிறிய .30-06 ரைஃபிள் மட்டும்தான் என்றால் தோட்டா எடையில் 200 கிரெய்னுக்குக் கீழே போகாதீர்கள்.