மஞ்சப்பையில் இருந்த ஐந்து ரிப்போர்ட்

காலை 7 மணிக்கு அம்மா ரத்தம் கொடுத்தாள், 11.40க்கு ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நடுவில் வீட்டுக்கு வந்து மூன்று இட்லி சாப்பிட்டோம், இரண்டு மணி நேரம் கழித்து சாப்பிட்ட பிறகு பார்க்கும் சுகருக்காக மறுபடி போய் ஒரு குத்து வாங்கிக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். நான் 13 வருஷமாக இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். அங்கே ரத்தம் எடுக்கிற அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே பத்து நாள் ஆகிவிடும். அம்பாசமுத்திரத்தில் ஒரே காலையில் 63 டெஸ்ட், ஆறு பக்க ரிப்போர்ட் என்றதும் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஆகஸ்டில் போய் ஐந்து வாரம் ஊரில் இருந்தேன். போகும்போதே ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன், அம்மாவுக்கு முழுசாக ஒரு செக்கப். அம்மாவுக்கு 68 வயது, பத்து வருஷமாக சுகர், ஆறு வருஷமாக பிபி. போனில் எப்போது கேட்டாலும் "டெஸ்ட் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்" என்பாள். என்ன அளவு என்று கேட்டால் தெரியாது. "டாக்டர் ஒண்ணும் சொல்லலைட்டி, அப்ப ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்" என்பாள்.

ரிப்போர்ட்டில் ஐந்து இடத்தில் எழுத்து தடித்திருந்தது. வைட்டமின் டி 19, ரத்தக் கொழுப்பில் ஒன்றான ட்ரைகிளிசரைடு 168, வெறும் வயிற்றுச் சுகர் 138, மூன்று மாத சுகர் சராசரி 7.4, வெள்ளை அணுக்களில் ஒரு வகையான ஈசினோபில் கொஞ்சம் கூடுதல். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஐந்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள், அதிலும் ஈசினோபில் என்ற பேரைப் பார்த்தே பயந்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து அது அலர்ஜி என்று ஒரு விளக்கம் கொடுத்தார், அடுத்த தெருவில் யாருக்கோ அதிலிருந்துதான் ஆஸ்துமா ஆரம்பித்தது என்று இன்னொன்றும் சேர்த்தார். அன்று மத்தியானம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டின் வலது பக்கம் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 95 பேர் அடங்குகிற மாதிரி வகுத்த எல்லை. அதாவது நோயே இல்லாத நூறு பேரிலும் ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே மூன்றில் இரண்டு பேருக்கு எங்காவது ஒரு தடித்த எழுத்து வந்துவிடும். 63 எடுத்தால் சொல்லவே வேண்டாம். இதை யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் அம்மா அந்த மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

சாயங்காலம் டாக்டரிடம் போனோம், டோக்கன் 47. இருபது வருஷமாக எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர், கை ராசிக்காரர் என்று ஊரே சொல்லும். ஒரு சாயங்காலத்தில் எண்பது பேரைப் பார்க்கிறார். நாங்கள் உள்ளே போகும்போது முன்னால் போனவர் இன்னும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், அடுத்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்தார், "சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, சோத்தைக் குறைச்சுக்கோங்கம்மா, மாத்திரை அதேதான், மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நானும் சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு லெஸ்டரில் நர்ஸாக இருக்கும் என் தோழிக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். அவள் முதலில் கேட்டது, இதெல்லாம் என்ன அலகு என்று. ஊரில் சுகரை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வோம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். 138ஐ 18ஆல் வகுத்தால்தான் அவளுக்குப் புரிகிற 7.7 வரும். மூன்று மாத சராசரி 7.4 சதவீதம் அவளுக்கு 57. வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தவள் மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டாள். சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3. அந்த எழுத்து தடித்திருக்கவில்லை, லேப்பில் போட்டிருந்த எல்லை 0.6 முதல் 1.4 வரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை. அங்கத்திய கணக்கில் அது 115. "68 வயசுப் பொம்பளைக்கு 115ஆ? முன்னால எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை. அதற்குள் பழைய மருந்துச் சீட்டுகள், கரன்ட் பில், ஒரு ஸ்கேன் படம், எல்லாவற்றுக்கும் நடுவே ஐந்து ரத்த ரிப்போர்ட். இரண்டு வேறு லேப், ஒன்றில் கிரியேட்டினின் இரண்டாம் பக்கம், இன்னொன்றில் கடைசிப் பக்கம். கட்டிலில் தேதிவாரியாக விரித்து வைத்து ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரியைத் தேடிப் பேனாவால் வட்டம் போட்டேன். 2022இல் 0.8. அடுத்ததிலும் 0.8. 2023இல் 0.9, அந்த வருஷக் கடைசியிலும் 0.9. 2024இல் 1.1. இப்போது 1.3.

ஒவ்வொரு தாளும் தனித்தனியாக நார்மல். சேர்த்துப் பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது.

கிரியேட்டினினை வைத்து வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவார்கள், ஈ.ஜி.எஃப்.ஆர் என்று பேர். தோழி கணக்குப் போட்டுச் சொன்னாள், 0.8 இருந்தபோது 82 பக்கம், இப்போது 45. ஏறக்குறைய பாதி போயிருக்கிறது. இங்கிலாந்து லேப்களில் கிரியேட்டினின் எடுத்தால் இந்த எண்ணும் தானாகவே அதன் கீழே வந்துவிடும். அம்மாவின் ஆறு ரிப்போர்ட்டில் ஒன்றில்கூட அது இல்லை.

2024இல் என்ன மாறியது என்று யோசித்தபோது அம்மாவின் முழங்கால் வலி ஞாபகம் வந்தது. "மாத்திரை ஏதாவது போடுறியாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு அடுக்களை டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியது, ஒன்றரை வருஷமாக தினம் ஒன்று, மழைக்காலத்தில் இரண்டு. டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, "அவாள் சுகருக்குப் பாக்கிற டாக்டர், கால்வலியை எதுக்கு அவாள்ட்ட சொல்லணும்?" என்றாள். சுகரும் பிபியும் இருக்கிற ஒருவர் வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்பது அந்த டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்கவில்லை, அம்மா சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு நாள் கழித்து காலை 9 மணிக்கு, டோக்கன் தொடங்கும் முன்னால், டாக்டரிடம் போனோம். முந்தின நாளே கம்பவுண்டர் அண்ணாச்சியிடம் சொல்லி நேரம் வாங்கியிருந்தேன். நான் எதுவும் பேசவில்லை, ஒரே ஒரு தாளை நீட்டினேன். ஆறு தேதி, ஆறு அளவு, கீழே வலி மாத்திரையின் பேரும் எத்தனை மாதம் என்பதும். அவர் அதைப் பார்த்த விதத்தை மறக்க மாட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அம்மாவிடம், "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றார், கோபமாக இல்லை. அப்புறம் இருபது நிமிஷம் பேசினார். வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சுகர் மாத்திரை மெட்ஃபார்மினை, வடிகட்டும் அளவு 45ஐத் தொடும்போது மறுபடி யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க எழுதிக் கொடுத்தார். ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பேர் வைப்போம், பயப்படாதீர்கள் என்றார். அம்மா அவரிடம் தலையாட்டியதெல்லாம் அன்றுதான் புரிந்து ஆட்டியது என்று எனக்குத் தோன்றியது.

ஊரில் டாக்டர்கள் சரியில்லை, அங்கே எல்லாம் ஒழுங்கு என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கதையையே சொல்கிறேன். 2019இல் அங்கே எனக்கு முடி கொட்டி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, ரத்தம் கொடுத்தேன். "ஏதாவது இருந்தால் நாங்கள் கூப்பிடுவோம், கூப்பிடவில்லை என்றால் நல்லா இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கூப்பிடவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ போனபோது டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு போன வருஷமே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தானே, இரும்பு மாத்திரை ஆரம்பித்தீர்களா என்று கேட்டார். வீடு மாறியபோது போன் நம்பரும் மாறியிருக்கிறது, அவர்கள் அனுப்பிய மெசேஜ் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. எட்டு மாதம் நான் குழந்தையைத் தூக்க முடியாமல் களைத்துக் கிடந்தது அந்த ஒரு மெசேஜால். அங்கே டாக்டர் பார்த்துவிட்டார், எனக்குத்தான் வந்து சேரவில்லை. இங்கே அம்மாவின் கையில் எல்லாமே இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. இப்போது அங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸின் ஆப்பில் ரிசல்ட்டும் அதன் பக்கத்தில் டாக்டர் எழுதிய ஒரு வரியும் தெரிகிறது. "நார்மல், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றாலும் ஒரு ஆள் பார்த்து எழுதியது அது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஊரிலேயே அது நடக்கிற இடத்தையும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் அக்கா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பிபிக்குப் பார்க்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, நான் அதைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர நேரில் பார்த்ததில்லை. வந்த பெண் திண்ணையில் உட்கார்ந்து பிபி பார்த்துவிட்டு, அக்காவின் சின்ன அட்டையில் எழுதிவிட்டு, "போன மாசம் 140, இந்த மாசம் 152, ஊறுகாயை மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஒரே அட்டையில் போன மாதமும் இந்த மாதமும் பக்கத்தில் பக்கத்தில். 63 டெஸ்டுக்குப் பணம் கட்டிய எங்களுக்குக் கிடைக்காதது அந்தத் திண்ணையில் இலவசமாகக் கிடைத்தது.

வெளிநாட்டில் இருந்து அப்பா அம்மாவுக்காக ஊருக்குப் போகிறவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. பெரிய பேக்கேஜுக்கு முன்னால் பீரோவைத் திறந்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடுங்கள். சுகர், கிரியேட்டினின், ஹீமோகுளோபின் இந்த மூன்றை மட்டுமாவது தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். அலகு மாறாமல் இருக்க, முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்குவதை அதட்டாமல் கேளுங்கள், அதட்டினால் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் கூட்டமில்லாத நேரம் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது என்பதோடு வேலை முடிந்ததாக நினைத்து விமானம் ஏறிவிடாதீர்கள், நான் அப்படித்தான் மூன்று தடவை ஏறியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் மறுபடி ரத்தம் கொடுத்தோம். முழங்காலுக்கு இப்போது தைலமும் பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியும்தான், வலி முழுதாகப் போகவில்லை, காலையில் எழுந்து நடக்கச் சிரமப்படுகிறாள், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மத்தியானம் ரிப்போர்ட் வந்ததும் போனை அவளிடமே கொடுத்தேன். மூன்றாவது பக்கத்துக்குத் தள்ளி, இரண்டு விரலால் பெரிதாக்கி, தானே கண்டுபிடித்து, நான் வாங்கிக் கொடுத்த நாற்பது பக்க நோட்டில் ஆறாவது வரிக்குக் கீழே எழுதினாள், 1.1. பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்து, "இதை நானே டாக்டர்ட்ட காட்டிக்கிடுதேன், நீ வர வேண்டாம்" என்றாள்.