அசாயா, ஜுசாராவா: குருத்துக்கு எது, பழத்துக்கு எது?

அசாய், ஜுசாரா என்ற இந்தப் பனைக் குடும்ப மரங்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் கூடப் பிறந்தவை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கமுகு போல ஒல்லியான உடம்பு, சீப்புப் பல் மாதிரித் தொங்கும் ஓலை, பழுத்தால் கறுத்துப் போகும் குட்டிக் குட்டிப் பழங்கள். யூட்டர்பே என்ற ஒரே பேரினம். அசாய் அமேசான் கழிமுகத்தின் வெள்ளக் காட்டில் வளர்வது, ஜுசாரா பிரேசிலின் அட்லாண்டிக் மழைக்காட்டு மரம். குனிந்து அடியைப் பாருங்கள், முக்கியமான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது: அசாய் வாழை மாதிரி பக்கக் கன்று விட்டுத் தூர் கட்டும், ஜுசாரா ஒற்றை மரம்.

சாப்பிடக் குருத்து எடுப்பதென்றால் மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும், உச்சியில் விரியாத ஓலைகளின் வெள்ளைத் தண்டுதானே அது. அசாயில் ஒன்றை வெட்டினால் தூரில் மற்றவை இருக்கும். ஜுசாராவை வெட்டினால் கதை முடிந்தது, மறுபடி துளிர்க்காது. இப்படி ஒரு புட்டிக் குருத்துக்காகத் திருட்டுத்தனமாக வெட்டி வெட்டியே ஜுசாராவை அழியும் ஆபத்துக்குத் தள்ளிவிட்டார்கள். குருத்துத் தொழிற்சாலைகள் 1970களில் அமேசான் பக்கம் அசாயைத் தேடிப் போனதும் இதனால்தான். ஜுசாராக் குருத்துதான் ருசி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு முழு மரம் என்பது எனக்குத் தொண்டையில் இறங்காது.

பழம் என்று வந்தால் எனக்கு ஜுசாராவும் சம்மதம். இரண்டிலும் பெரும்பகுதி கொட்டைதான், மேலே மெல்லிய தோல் அளவுக்கே சதை. ஊற வைத்து, பிசைந்து, வடித்தால் கருஊதா நிறத்தில் கெட்டியான கூழ். சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால்தான் வெளியூருக்கு உறைய வைத்து அனுப்புகிறார்கள். பதமாகக் கூழ் எடுத்தால் மிஞ்சும் ஜுசாராக் கொட்டைக்கு முளைப்புத்திறன் போகாது, அப்படியே காட்டில் விதைக்கலாம்.

விதைக்க வேண்டிய அவசியமும் இருக்கிறது. பெரிய கொட்டையை முழுசாக விழுங்கிப் பரப்புவது டூக்கான் போன்ற பெரிய பறவைகள். அவை இல்லாமல் போன காடுகளில் ஜுசாராவின் விதைகளே சிறுத்துவிட்டன என்று 2013இல் சயன்ஸ் இதழில் ஆய்வு வந்தது. சின்ன விதை வறட்சியில் சீக்கிரம் காய்ந்துவிடும். படித்தபோது மனசு கனத்துப் போனது.

சரி, குருத்துதான் வேண்டும் என்றால் மூன்றாவதாகப் புப்புன்யா என்ற இன்னொரு பனை வகை இருக்கிறது. தோட்டத்தில் பயிரிடுவது, இதுவும் தூர் கட்டும், வெட்டிய குருத்தும் சட்டென்று கறுக்காது. லேபிளில் புப்புன்யா என்று இருந்தால் யோசிக்காமல் எடுங்கள், அசாய் என்றாலும் எடுக்கலாம். ஜுசாராக் குருத்து என்று போட்டு எங்கிருந்து வந்தது என்று போடாமல் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.